நவநீதகிருஷ்ணன் பையில் இருந்த கசகசா

நாமக்கல்லிலிருந்து மோகனூர் செல்லும் சாலையில் உள்ள ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நவநீதகிருஷ்ணன் மேற்பார்வையாளராக இருக்கிறார். உலகத் தடகளப் போட்டியைப் பார்க்கக் கத்தார் நாட்டுக்குப் போய், போட்டியைப் பார்க்காமலே திரும்பி வந்தவர் என்பதுதான் ஊரார் அவரைப் பற்றி முதலில் சொல்லும் செய்தி. அவருடைய பையில் கசகசா இருந்தது என்பது அவர்கள் அடுத்துச் சொல்வது. இரண்டும் உண்மை. ஆனால் அந்தக் கசகசா யாருடையது என்பதை மட்டும் ஊர் தவறாக அறிந்திருக்கிறது. அந்தத் தவறு எப்படி உறுதிப்பட்டது என்பதே அவருடைய வாழ்க்கையில் பதிவு செய்யத் தக்க பகுதி.

பண்ணையின் உரிமையாளர் தனசேகர், நவநீதகிருஷ்ணனின் பள்ளித் தோழர். ப்ளஸ் டூ படித்த ஆண்டில் இவர்கள் இருவரும், யோகேஷ், குமரன் என்ற வேறு இருவரும் சேர்ந்து, நான்கு பேர் ஆளுக்கு நானூறு மீட்டர் ஓடும் தொடர் ஓட்டத்தில் மாநில அளவில் வெள்ளிப் பதக்கம் பெற்றனர். மூன்றாவதாக ஓடிய தனசேகர் கட்டையைக் கைமாற்றியபோது அணி ஐந்தாம் இடத்தில் இருந்தது. கடைசியாக ஓடிய நவநீதகிருஷ்ணன் மூன்று பேரைத் தாண்டி இரண்டாவதாக முடித்தார். அந்தப் புகைப்படம் இன்றும் பண்ணை அலுவலகத்தில், அன்றைய முட்டை விலை எழுதும் பலகைக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது. வருகிற வியாபாரிகளிடம் தனசேகர் அதைக் காட்டி, "நாங்க நாலு பேரும் ஒரே ஒசரத்துல நின்னவிங்க" என்பார்.

உயரத்தைப் பற்றிய அந்தக் கூற்று சரியன்று. காவலர் தேர்வில் ஓட்டத்தில் முதலாவதாக வந்த நவநீதகிருஷ்ணனை, அளவு ஒன்றரை சென்டிமீட்டர் குறைகிறது என்று திருப்பி அனுப்பினர். அதன்பின் அவருக்கு வேறு வாசல் திறக்கவில்லை. யோகேஷ் தந்தையின் லாரி பாடி கட்டும் பட்டறையையும், குமரன் திருச்செங்கோட்டில் மாமனாரின் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளையும், தனசேகர் குடும்பத்துப் பண்ணையையும் எடுத்து நடத்தினர். நவநீதகிருஷ்ணன் தனசேகரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பண்ணைக்குள் ஆட்கள் முன்னிலையில் அவரை "மொதலாளி" என்றும், வெளியில் "தனா" என்றும் அழைத்தார். இந்த ஒழுங்கை யாரும் விதிக்கவில்லை. அவரே கண்டுபிடித்துக் கடைப்பிடித்தார்.

தடகளத்தை மட்டும் அவர் விடவில்லை. எந்த நாட்டில் போட்டி நடந்தாலும் கைப்பேசியில் பார்ப்பார். ஆனால் அதில் அவருக்கு ஒரு குறை இருந்தது. தொடர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் காமிரா முதலில் ஓடுபவனையே காட்டும். பின்னால் நான்காவதாக, ஐந்தாவதாக வருபவன் எந்த இடத்தில் வேகம் எடுக்கிறான் என்பது திரையில் தெரியாது. மைதானத்தில் உட்கார்ந்து ஒருமுறையேனும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பார். அவர் வாய்விட்டுச் சொன்ன ஆசை அது ஒன்றுதான்.

தோஹாவில் உலகப் போட்டி நடந்த ஆண்டில், யோசனையைத் தொடங்கியவர் தனசேகர்.

"வாராவாரம் நம்ம முட்டை கன்டெய்னர்ல தோஹா போகுது. முட்டை போற ஊருக்கு நாம ஒருக்காப் போக வேண்டாமா? நாலு பேரும் போறோம். ரிலே பைனல் பாக்கறோம்."

"எனக்கெதுக்கு தனா, அவ்வளவு தூரம்" என்று நவநீதகிருஷ்ணன் தயங்கினார்.

"டிக்கெட்டு நான் போடறேன். சோறு நீ போடு. அந்த ஊரு சோத்தத் தின்னுட்டு யோகேஷு வயித்தப் புடிச்சுட்டு ஓடுவான். அப்பறம் அவனுக்குத்தான் மெடலு."

யோகேஷ் சிரித்தார். நவநீதகிருஷ்ணனும் சிரித்தார். வாடகைக்கு எடுத்த வீட்டில் மூவருக்கும் சமைக்க வேண்டும். மாலையில் அவர்களோடு மைதானத்துக்குப் போகலாம். ஏற்பாடு இவ்வளவே. அவர் அன்றே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார்.

புறப்பட்ட நாளன்று தனசேகரின் தாயார் வள்ளியாத்தாள் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து, தம் கையாலேயே மகனுடைய பெட்டியில் வைத்தார். நவநீதகிருஷ்ணன் அப்போது பெட்டிகளைக் காரில் ஏற்றுவதற்காக அங்கே நின்றிருந்தார். சமைக்கப் போகிறவர் என்பதால் வள்ளியாத்தாள் அவரிடமே சொன்னார்.

"ஏஞ்சாமி, இது கோழிக் கொழம்பு மசாலு. கசகசாவ மட்டும் அரைக்காம தனியா மடிச்சு உள்ளயே வெச்சிருக்கறேன். அரைச்சு வெச்சா சிக்கு வாடை அடிக்கும். அங்க போயித் தேங்காயோட சேத்தி அரைச்சுக்க."

"செரிங்காத்தா."

"என்ற பையன் காரந் தாங்க மாட்டான். பாத்துப் போடு."

கொச்சி விமான நிலையத்தில் பெட்டிகளை எடை போட்டபோது தனசேகரின் பெட்டி அனுமதித்த அளவைத் தாண்டியது. தோஹாவில் முட்டை வாங்கும் நிறுவனத்தாருக்காக அவர் பட்டு வேட்டிகளும் இனிப்புப் பெட்டிகளும் கொண்டுபோனார். அவற்றை எடுக்க மனமில்லை. சமையல் சாமான்களை எடுத்து வெளியே வைத்தார்.

"நவநீ, உன்ற பை காத்தாடக் கெடக்குது. இதையெல்லாம் அதுல போட்டுக்க."

"அவன் பைல என்ன இருக்குது?" என்றார் யோகேஷ். "ரெண்டு சட்டை, ஒரு தேங்கா எண்ணெச் சீசா. ஒரு மூட்டை அரிசியே புடிக்கும்."

நால்வரில் குறைவான உடைமை உள்ளவரின் பையில் இடம் அதிகமாக இருந்தது. அரிசியும் பருப்பும் அந்த டப்பாவும் அங்கே சென்றன. பை அவர் பெயரில் பதிவாகி உள்ளே போயிற்று.

பின்னர் காத்திருப்புக் கூடத்தில் நடந்ததை, பல மாதங்களுக்குப் பிறகு குமரன் தம் உறவினர்களிடம் சொன்னதால்தான் அறிய முடிகிறது. நவநீதகிருஷ்ணன் நான்கு பேருக்கும் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். யோகேஷ் தம் கைப்பேசிக்கு வந்திருந்த ஒரு செய்தியைத் தனசேகரிடம் காட்டினார். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் கசகசா கொண்டுபோகக் கூடாது, அங்கே அது போதைப்பொருளாகக் கருதப்படும் என்று துபாயில் இருக்கும் அவருடைய மைத்துனர் அனுப்பியிருந்தார்.

"தனா, இதப் பாரு. கஞ்சாக் கேசு மாதிரியாமா."

"பை உள்ள போயிருச்சேடா."

"நவநீகிட்டச் சொல்லீருலாமா?" என்று கேட்டவர் குமரன்.

"சொன்னீனா அவம் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்" என்றார் தனசேகர். "ஒண்ணுந் தெரியாமப் போனாத்தான் உடுவாங்க. அத்தன சனம் போகுது, எல்லாப் பையையுமா தொறந்து பாக்கறாங்க?"

"தொறந்துட்டா?"

தனசேகர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"பை அவம் பேருல தான இருக்குது."

நவநீதகிருஷ்ணன் நான்கு பாட்டில்களோடு வந்தார். முதல் பாட்டிலைத் தனசேகரிடம் கொடுத்தார். தனசேகர் வாங்கிக் குடித்தார்.

தோஹாவில் இறங்கியதும் மூவரும் தங்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, "நீ உன்ற பையெடுத்துட்டு மெதுவா வா" என்று சொல்லி முன்னே சென்றுவிட்டனர். அவருடைய பை கடைசியாக வந்தது. சோதனைக் கருவியில் போட்டதும் ஓர் அதிகாரி அதைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார். டப்பா திறக்கப்பட்டது. மசாலைப் பார்த்த முகங்களில் மாற்றம் எதுவும் இல்லை. காகித மடிப்பைப் பிரித்ததும் மாறிற்று. மொழிபெயர்க்க வந்த மலையாளி ஊழியர், "இது ஆருடெ?" என்று கேட்டார்.

"எங்க தனாவோட அம்மா குடுத்ததுங்க" என்றார் நவநீதகிருஷ்ணன். "சமையலுக்குங்க. அவிங்க அங்கதான் நிக்கறாங்க."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மூவரும் வண்டியோடு நின்றிருந்தனர். அவர் கையை உயர்த்திக் காட்டினார். மலையாளி ஊழியர் வெளியே சென்று அவர்களிடம் விசாரித்தார். அப்போது தனசேகர் சொன்ன பதிலைக் குமரன் மாற்றமின்றி நினைவில் வைத்திருக்கிறார்.

"எங்ககூட வந்தவருதாங்க. அவரு பைல என்ன வெச்சிருக்கறாருன்னு எங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

ஊழியர் திரும்பி வந்து இல்லை என்று தலையை அசைத்தார். நவநீதகிருஷ்ணன் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அது வாசலை அடையும் வரை மூவரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்நாட்டுச் சட்டப்படி அவரைத் தடுத்துவைத்ததில் அதிகாரிகளின் தவறு எதுவும் இல்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கூடியவர் வாடகைக் கார் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்புக்கு அவரை அனுமதித்தனர். மனைவியை அழைத்தால் பயந்துவிடுவாள் என்று எண்ணித் தனசேகரை அழைத்தார். எதிர்முனையில் ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரம் கேட்டது.

"தனா, நாந்தான். இங்க வந்து அது ஆத்தா குடுத்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லீரு. ஊட்டுச் சமையல் சாமான்னு தெரிஞ்சா உட்டுருவாங்கன்னு இந்த மலையாளத்துக்காரரு சொல்றாரு."

"என்னடா? ஒண்ணுங் கேக்கல. சத்தமா இருக்குது."

"ஆத்தா குடுத்ததுன்னு..."

"ரிலே ஹீட்ஸு ஓடுது. முடியட்டும், கூப்புடறேன்."

"மொதலாளி" என்றார் நவநீதகிருஷ்ணன். பண்ணைக்கு வெளியே அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தியது அதுவே முதல் முறை.

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அவர்கள் திரும்ப அழைப்பதற்கு அவர் கையில் எண் எதுவும் இல்லை என்பது தனசேகருக்குத் தெரியும்.

மைதானத்தில் நான்கு இருக்கைகள் அடுத்தடுத்து இருந்தன. நான்காவதில் மூவரும் தங்கள் பைகளை வைத்துக்கொண்டனர். யோகேஷ் எடுத்துப் பகிர்ந்த படத்தை நாமக்கல்லில் இருந்த நவநீதகிருஷ்ணனின் மனைவி கிருத்திகா பார்த்துவிட்டு யோகேஷை அழைத்தார்.

"ஏனுங்கண்ணா, போட்டோவுல அவர மட்டுங் காணமே?"

"தண்ணி வாங்கப் போயிருக்கறான் அம்மிணி."

"போன் அடிச்சாப் போகமாட்டீங்குதுங்க."

"இங்க டவர் கெடைக்கறதில்ல. அவனுக்கென்ன, ராசா மாதிரி இருக்கறான். ரெண்டு வேளையும் உக்கார வெச்சே சோறு போடறாங்க."

அதைக் கேட்டுத் தனசேகர் வாய்விட்டுச் சிரித்ததாகவும், தாமும் சிரித்துவிட்டதாகவும் குமரன் ஒப்புக்கொள்கிறார். இறுதிப் போட்டியை மூவரும் பார்த்தனர். குறித்த விமானத்தில் ஊர் திரும்பினர்.

ஊருக்கு வந்த பிறகே கிருத்திகாவிடம் செய்தி சொல்லப்பட்டது. சொன்ன முறையில் தனசேகர் கவனமாக இருந்தார். முதலில், தம் தாயாரைப் பள்ளிபாளையத்தில் உள்ள தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பிறகு தோஹாவில் தம்மிடம் முட்டை வாங்கும் நிறுவனத்தில் அலுவலராக இருக்கும் நசுருல்லாவிடம் பேசி, நவநீதகிருஷ்ணனைப் பார்க்கச் சொன்னார். ஊரில் நான்கு பேர் கேட்டால் உதவி செய்ததாகச் சொல்வதற்கு அது தேவையாக இருந்தது.

நசுருல்லா சேலம் கிச்சிபாளையத்துக்காரர். அரபு நன்றாகப் பேசுவார். தடுப்புக்காவலில் நவநீதகிருஷ்ணனைச் சந்தித்த அவர், கடமைக்கு வந்தவராக இல்லாமல் அக்கறையோடு கேட்டார்.

"அண்ணே, நம்ம ஊருக்காரன்னு நெனச்சுச் சொல்லுங்க. ஒளிக்காதீங்க. பொருளு யாருது?"

நவநீதகிருஷ்ணன் நடந்ததை முழுவதும் சொன்னார். பெட்டி எடை அதிகமானதையும் பை மாறியதையும் சொன்னார். விமான நிலையத்துக் காத்திருப்புக் கூடத்தில் என்ன பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியாது; அதனால் தனசேகர் மீது அவரிடம் கோபமும் இல்லை.

"அவன் பயந்துட்டானுங்க பாய். அவ்வளவுதான். எடுத்துச் சொன்னீங்கன்னா ஒத்துக்குவான்."

"ஓனரு ஒரு போன்ல சொல்லிட்டாருன்னா போதும்ணே. எங்க கம்பெனி வக்கீல வெச்சு நானே பேசறேன். வீட்டுச் சாமான், தெரியாம வந்துச்சுன்னு எடுத்துச் சொல்லலாம்."

அன்றிரவு நவநீதகிருஷ்ணன் நிம்மதியாக உறங்கினார்.

நசுருல்லா அழைப்பதாகச் செய்தி அனுப்பியதும், தனசேகர் கிருத்திகாவைத் தம் வீட்டுக்கு வரவழைத்து எதிரில் உட்கார வைத்தார்.

"இங்க பாரு அம்மிணி. ஆம்பள கொண்டு போனான்னா கடத்தல்னு எழுதுவான். ஊட்டுல பொம்பள சமைக்க மடிச்சுக் குடுத்ததுன்னா, அறியாமப் பண்ணீட்டாங்கன்னு உட்டுருவான். அதச் சொல்ல வேண்டியது பொண்டாட்டிதான்."

"அது ஆத்தா குடுத்ததுன்னு கொச்சியில இருந்து போன் பண்ணுனப்பவே அவரு..."

"யாரு குடுத்தா என்ன? எங்க ஊட்டுல நீ பொழங்காத எடமா? எம்பேரு அங்க ஏறுச்சுன்னா முட்டை கன்டெய்னரு நிக்கும். கன்டெய்னரு நின்னா பண்ணை நிக்கும். பண்ணை நின்னா உங்க ஊட்டு அடுப்பு எதுல எரியும்?"

தனசேகர் குரலைத் தணித்தார்.

"அவஞ் சம்பளம் மாசாமாசம் உங்க ஊட்டுக்கு வரும். பாப்பா அடுத்த வருசம் ஆறாவது தான? நாங்க டிரஸ்டியா இருக்கற பள்ளிக்கோடத்துலயே சேத்திக்கலாம். ஹாஸ்டலோட."

"அவரு அங்க என்னன்னு சொல்லீருக்கறாருங்கண்ணா?"

"அவனும் இதையேதான் சொல்லீருக்கறான். நீ மாத்திச் சொன்னாத்தான் அவனுக்குக் கேடு."

கணவர் எதைச் சொல்லியிருந்தாலும் தானும் அதையே சொல்ல வேண்டும் என்பதில் கிருத்திகாவுக்கு ஐயம் இல்லை. அழைப்பு வந்தது. தனசேகர், "அவஞ் சம்சாரம் இங்கதான் இருக்குது, நீங்களே கேட்டுக்குங்க பாய்" என்று சொல்லி, ஒலிபெருக்கியை இயக்கிக் கைப்பேசியை அவர் முன் வைத்தார்.

"தங்கச்சி, நான் நசுருல்லா பேசறேன். அந்தக் கசகசா யாரு வீட்டுதும்மா?"

"எங்க ஊட்டுதுங்க. நாந்தான் மடிச்சுக் குடுத்தேன்."

நசுருல்லா இன்னொரு முறை கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வேற யாரும் குடுக்கலையா?"

கிருத்திகா தனசேகரைப் பார்த்தார். தனசேகர் கண்களை மூடித் திறந்தார்.

"இல்லீங்க."

நசுருல்லா மீண்டும் ஒரே ஒரு முறைதான் காவலுக்கு வந்தார். உட்காரவில்லை.

"உங்க சம்சாரமே சொல்லிட்டாங்கண்ணே, அவங்க குடுத்ததுன்னு. உங்க பேச்சை நம்பி நான் ஓனரு மேல பழி போட்டிருந்தா, கம்பெனியில எம் பேரு என்னத்துக்கு ஆகும்? சோறு போட்டவரு மேலயே போட்டீங்களே."

"கிருத்திகாவா சொன்னா?"

"அவங்க வாயாலதான். நான் ரெண்டு தடவ கேட்டேன்."

நிறுவனத்தின் வழக்கறிஞர் வரவில்லை. வழக்கு தன் வழியில் நடந்தது. யாருடைய பொருள் என்று நீதிமன்றத்தில் கேட்டபோது, முன்பு சொன்னதை மீண்டும் சொன்னால் மனைவி பொய் சொன்னவளாகிவிடுவாள் என்பதால் பேசாமல் நின்றார். பேசாமல் நின்றவரை ஏற்றுக்கொண்டவராகவே எடுத்துக்கொண்டனர். தை பிறந்து பொங்கலும் கழிந்த பிறகு, இனி அந்நாட்டுக்குள் வரக் கூடாது என்ற ஆணையோடு அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பினர்.

வீட்டுக்கு வந்தவரிடம் கிருத்திகா சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்களும் அப்பிடித்தான் சொல்லீருக்கறீங்கன்னு அந்தண்ணன் சொன்னாருங்க."

"நான் அப்பிடிச் சொல்லுல."

கிருத்திகா சோற்றுக் கரண்டியைக் கையிலேயே பிடித்திருந்தார். பிறகு அவர் சொன்னது மன்னிப்பு அன்று.

"பாப்பாவுக்குச் சீட்டுக் கெடச்சிருச்சுங்க. பீசு கட்ட வேண்டீதில்லையாம்."

நவநீதகிருஷ்ணன் சாப்பிட்டு முடித்தார். மறுநாள் பண்ணைக்குச் சென்றார். வெளிநாட்டில் போதைப்பொருள் வழக்கில் இருந்து வந்தவருக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது என்பதை அவரும் அறிவார், தனசேகரும் அறிவார். முட்டை ஏற்றும் ஆட்கள் அவருக்குக் "கசகசா" என்று பெயர் வைத்திருந்தனர். தொடக்கத்தில் முதுகுக்குப் பின்னால் அழைத்தவர்கள், முட்டை லாரிக்குப் பாடி கட்டிய கணக்குக் கேட்க வந்த யோகேஷ் ஒருநாள் எல்லார் முன்னும் "ஏண்டா கசகசா, கோழிக்கெல்லாம் ஒழுங்காத் தூக்கம் வருதா?" என்று கேட்டதிலிருந்து நேராகவே அழைக்கத் தொடங்கினர். அவரும் திரும்பிப் பார்க்கப் பழகினார்.

காத்திருப்புக் கூடத்தில் பேசியதைப் பற்றிய செய்தி, குமரனின் உறவினர்கள் வழியாக அவர் காதுக்கும் ஒருநாள் வந்து சேர்ந்தது. அன்று அவர் தீவன அறையில் தவிட்டு மூட்டைகளின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உண்மையை அறிந்தவர்கள் பலர் இருந்தும், அதைச் சொல்ல வேண்டிய ஒருவர் சொன்னாலொழிய அது செல்லாது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். தனசேகர் ஒருமுறை, ஒரே ஒருவர் முன்னிலையிலாவது, "அது எங்கள் வீட்டுப் பொருள்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நசுருல்லாவாக இருந்தால் போதும். தம்மை நம்பிய ஒரே மனிதர், தம்மைப் பொய்யர் என்று எண்ணிக்கொண்டு போய்விட்டார் என்பதுதான் சிறையைவிடவும் அவரை அரித்தது.

அந்த வாய்ப்பு நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்தது. தனசேகர் புதிதாகக் கட்டிய தீவன ஆலையின் திறப்பு விழாவுக்கு, விடுமுறையில் சேலம் வந்திருந்த நசுருல்லாவை அழைத்திருந்தார். பந்தலில் மதிய விருந்து. நவநீதகிருஷ்ணன் பரிமாறுபவர்களை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். கிருத்திகா பாயச வாளியோடு நின்றார். பத்தாம் வகுப்புக்குப் போகவிருந்த மகள், பள்ளிச் சீருடையில், தனசேகரின் பிள்ளைகளோடு வரிசையின் கோடியில் அமர்ந்திருந்தாள்.

நசுருல்லா இலையில் அமர்ந்ததும் நவநீதகிருஷ்ணனை அடையாளம் கண்டு பக்கத்தில் அழைத்தார். குரலில் பழைய அக்கறையின் சாயல் இருந்தது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? ஒண்ணு மட்டும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு எங்கிட்ட ஏண்ணே பொய் சொன்னீங்க?"

நவநீதகிருஷ்ணன் பதில் சொல்ல வாயெடுத்த நேரத்தில், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய வள்ளியாத்தாள், விருந்தினரைத் தாமே கவனிக்க வேண்டும் என்று குருமா வாளியோடு வந்து நின்றார்.

"இன்னொரு கரண்டி போட்டுக்குங்க சாமி."

"போதுங்கம்மா. குருமா ரொம்ப ருசியா இருக்குது."

"கசகசாவ ஊற வெச்சுத் தேங்காயோட அரைச்சதுங்க. எங்க கைப்பக்குவம்." அவர் நவநீதகிருஷ்ணனின் தோளைத் தொட்டார். "இந்தச் சாமிகிட்டத்தான் அன்னைக்கு மடிச்சுக் குடுத்தனுப்புனேன். என்ற பையன் பொட்டிலதான் வெச்சேன், எப்பிடியோ இவம் பைக்குப் போயிருச்சாமா. என்ற கசகசாவால இந்தப் புள்ள செயிலுக்குப் போயிருச்சு. எங்கிட்ட ஒருத்தருஞ் சொல்லுல பாருங்க. போன மாசந்தான் மொளகா ஆயறவ சொன்னா."

நசுருல்லாவின் கை இலைமேல் நின்றது. அடுத்த இலையில் இருந்த தனசேகர் நிமிர்ந்தார். யோகேஷ் தண்ணீர்க் குவளையை எடுத்தவர் குடிக்கவில்லை. அத்தனை ஆண்டுகள் யாரிடமிருந்தும் வராத அந்த ஒரு வாக்கியம், உரியவரின் வாயிலிருந்து, உரியவரின் முன்னிலையில் வந்துவிட்டது. நவநீதகிருஷ்ணன் ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும்.

தனசேகர் பார்வையை மெல்லத் திருப்பி, வரிசையின் கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சீருடைப் பெண்ணைப் பார்த்தார். பிறகு நவநீதகிருஷ்ணனைப் பார்த்தார்.

"இல்லீங்காத்தா" என்றார் நவநீதகிருஷ்ணன். "அது எங்க ஊட்டுதுங்க. கிருத்திகா குடுத்தது."

"நாங் குடுத்தனே சாமி. காயிதத்துல மடிச்சு."

"நீங்க குடுத்தது பருப்புப் பொடிங்க. உங்குளுக்கு நெனவு தப்பிருச்சு."

வள்ளியாத்தாள் கிருத்திகாவைப் பார்த்தார். கிருத்திகா, கணவர் சொன்னதே சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். வள்ளியாத்தாள் மகனைப் பார்த்தார்.

"அம்மாளுக்கு இப்பல்லாம் இப்பிடித்தாங்க பாய்" என்றார் தனசேகர். "நடந்தது நடக்காதது எல்லாம் ஒண்ணாத் தெரியுது."

நசுருல்லா மீண்டும் சாப்பிடத் தொடங்கினார். "வயசானா அப்படித்தாங்க" என்றார். நவநீதகிருஷ்ணனை அவர் அதன்பின் பார்க்கவில்லை.

யாரோ குருமா வாளியை வள்ளியாத்தாளின் கையிலிருந்து வாங்கிக்கொண்டனர். அன்று வாங்கியதை அவரிடம் மறுபடி கொடுக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவார் என்று சமையலறைப் பக்கம் விடுவதை நிறுத்தினர். அவர் எதைச் சொன்னாலும், பீரோச் சாவியை எங்கே வைத்தேன் என்று சரியாகச் சொன்னாலும், "நவநீயே சொல்லீட்டான், உனக்கு நெனவு தப்பிருச்சுன்னு" என்று வீட்டார் நினைவூட்டினர். சிறிது காலத்தில் அவரே தம் பேச்சை நம்பாமல், ஒன்றைச் சொல்லிவிட்டு அருகில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் மாதம் ஒருமுறை அவரை அழைத்துச் செல்கிறார்கள். காரை ஓட்டுபவர் நவநீதகிருஷ்ணன். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அவர் பொறுப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் வழியில், வண்டியில் வேறு யாரும் இல்லாதபோது, பின் இருக்கையிலிருந்து வள்ளியாத்தாள் அதே கேள்வியைக் கேட்பார்.

"ஏஞ்சாமி, இப்ப ஆருமில்ல. எங்கிட்ட மட்டுஞ் சொல்லு. அன்னைக்கு நாங் குடுத்தனா, குடுக்கலியா?"

"குடுக்கலீங்காத்தா" என்று அவர் சாலையைப் பார்த்தபடியே சொல்வார்.

"அப்ப மாத்திரையக் குடு சாமி."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து, மாத்திரையோடு பின்னால் நீட்டுவார்.